டூர் பஸ்ஸில் ஓர் இடம்: ராக் பேண்ட் ஆவணப்படங்களைப் பார்க்க முழு வழிகாட்டி

கனடாவின் டொரோன்டோவில் ஒருவர் பள்ளிக்கூடங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை பார்க்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. வெளியே பனி. பெட்டிகளை ஏற்றி இறக்கிக்கொண்டே, எந்த நாளில் என்ன சாப்பாடு என்று கேமராவுக்கு அக்கறையாக விளக்குகிறார். இதே மனிதர் 1984இல் ஜப்பானில் ஒரு பெரிய ஸ்டேடியத்தில், ஸ்கார்பியன்ஸும் பான் ஜோவியும் வாசித்த அதே விழா மேடையில் கிட்டாரோடு துள்ளிக்கொண்டிருந்தவர். மற்றவர்கள் எல்லாம் கோடிகளில் புரளப் போனார்கள். இவருடைய பேண்டான அன்வில் மட்டும் எங்கேயும் போகவில்லை. ஆனால் கலைந்தும் போகவில்லை.

ராக் இசையில் எனக்குப் பெரிய பழக்கம் இல்லாத காலத்தில், அன்வில்லைப் பற்றிய இந்த ஆவணப்படத்தைத்தான் முதலில் பார்த்தேன். பாட்டு ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. அந்தச் சாப்பாட்டு வேன்தான் மனத்தில் நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. மேடையில் பேண்ட் இருப்பது இரண்டு மணி நேரம். மீதி இருபத்திரண்டு மணி நேரமும் அவர்கள் செய்வது ஒன்றுதான்: காத்திருப்பது. பஸ் வரக் காத்திருப்பார்கள், சவுண்ட் செக் தொடங்கக் காத்திருப்பார்கள், யாரோ ஒருவர் பணம் தரக் காத்திருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையில் ரசிகனும் காத்திருக்கிறான். நல்ல டூர் படம் அந்தச் சுவரில் ஓர் ஓட்டை போடுகிறது. கச்சேரியை ஏற்கெனவே பலமுறை பார்த்துவிட்ட ரசிகன்கூட இந்தப் படங்களுக்காக ஏன் அலைகிறான் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். கீழே வரும் படிகளும் அதை வைத்தே போகின்றன.

படி 1: கச்சேரிப் படத்தையும் டூர் படத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள்

இரண்டும் ஒரே அலமாரியில் கிடக்கும், ஆனால் வேறு வேறு சரக்கு. டாக்கிங் ஹெட்ஸ் பேண்டை வைத்து ஜொனாதன் டெமி எடுத்த 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' (1984) கச்சேரிப் படம். டேவிட் பைர்ன் ஒரு கேசட் பிளேயரைத் தரையில் வைத்துவிட்டுத் தனியாகப் பாடத் தொடங்குவார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஆள், ஒரு கருவி என்று மேடை நிறையும். அருமையான படம். ஆனால் அதில் ஒரு ஹோட்டல் அறைகூட வராது. பேட்டி கிடையாது, பயணம் கிடையாது.

டூர் படத்தில் பாட்டு பாதியில் வெட்டுப்படும். அதற்குக் கோபப்படக் கூடாது. முழுப் பாட்டு வேண்டுமென்றால் ஆல்பம் இருக்கிறது. வெட்டிய இடத்தில் இயக்குநர் எதை ஒட்டியிருக்கிறார் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

படி 2: அன்வில்லில் தொடங்குங்கள்

'அன்வில்! தி ஸ்டோரி ஆஃப் அன்வில்' 2008இல் வந்தது. இயக்குநர் சாஷா கெர்வாசி. ஸ்பீல்பெர்க்கின் 'தி டெர்மினல்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர். அதற்கெல்லாம் முன்னால், பள்ளிக்கூட வயதில், இதே பேண்டோடு டூர் போய் மேடைச் சாமான்களை ஏற்றி இறக்கிய பையன். ரசிகனே கேமராவைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான் என்பதால் படத்தில் கேலி இருந்தாலும் அது வீட்டுக்குள் நடக்கும் கேலிதான்.

முதலில் இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், இவர்கள் வாசிக்கும் ஹெவி மெட்டல் என்ற இரைச்சலான ராக் வகை உங்களுக்குப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. தொடக்கத்தில் சொன்ன சாப்பாட்டு வேன்காரரான, லிப்ஸ் என்று எல்லோரும் கூப்பிடும் ஸ்டீவ் குட்லோவும் ட்ரம்மர் ராப் ரெய்னரும் பதின்வயதிலிருந்து நண்பர்கள். ஐரோப்பாவில் ஒரு டூர் கிடைக்கிறது. ரயில் தவறுகிறது. பிராக் நகரத்தில் வழி தெரியாமல் சுற்றி, தாமதமாகப் போய்ச் சேர்கிறார்கள். வாசித்து முடித்தபின் கிளப்காரர் காசு தர மறுக்கிறார், லிப்ஸ் சண்டைக்குப் போகிறார். ருமேனியாவின் டிரான்சில்வேனியாவில் பத்தாயிரம் பேர் கொள்ளும் அரங்கில் 174 பேர். திருவிழாவில் நாடகம் போட வந்த குழு, மழையில் காலி மைதானத்தைப் பார்த்தபடி மேக்கப் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கிட்டத்தட்ட அந்த முகம்தான்.

இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளும் காட்சி ஒன்று இருக்கிறது. ரெக்கார்டிங்குக்காக இங்கிலாந்து போன இடத்தில் கத்திக்கொள்கிறார்கள், ஒருவர் விலகிவிடுவேன் என்கிறார், அப்புறம் லிப்ஸ் அழுகிறார். நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவர்கள் போடும் சண்டை அது. இந்த இடத்தில் படத்தை நிறுத்தி டீ போடப் போகாதீர்கள். கடைசியில் மறுபடி ஜப்பான். ஒரு விழாவில் காலை 11:35 மணிக்கு இவர்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் யார் வருவார்கள் என்று நடைபாதையில் நடந்துகொண்டே கவலைப்படுகிறார்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

படி 3: சத்தத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்

லேப்டாப் ஸ்பீக்கர் வேண்டாம். ஓரளவு நல்ல ஹெட்ஃபோன் போதும். படி 7இல் வரும் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' படம் தொடங்கும்போது, இதைச் சத்தமாகத்தான் ஓட்ட வேண்டும் என்று திரையிலேயே எழுத்து வரும். அதை உத்தரவாகவே எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. ஆங்கில சப்டைட்டிலையும் போட்டுவிடுங்கள். 1960களில் மேடைக்குப் பின்னால் பிடித்த பேச்சில் பாதி முணுமுணுப்பு, அதில் வேறு பிரிட்டிஷ் உச்சரிப்பு.

படி 4: கேமராவை உள்ளே விட்டது யார் என்று கேளுங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகினால் பாதிப் படம் தானாகப் புரிந்துவிடும்.

1965இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் இங்கிலாந்தில் டூர் போனபோது அவருடைய மேனேஜர் ஆல்பர்ட் கிராஸ்மன், ஆவணப்பட இயக்குநர் டி. ஏ. பென்னிபேக்கரைப் படமெடுக்கக் கூப்பிட்டார். வந்த படம் 'டோன்ட் லுக் பேக்' (1967). அதற்குச் சில வருடங்கள் முன்புவரை இப்படி ஒரு படம் எடுப்பதே நடக்காத காரியம். ஒலியோடு சேர்த்துப் படம்பிடிக்கும் கேமரா அவ்வளவு கனம். பென்னிபேக்கரும் அவருடைய கூட்டாளிகளும் 16 எம்.எம். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும் அளவுக்கு மாற்றியமைத்தார்கள். ஒலியைத் தனி ரெக்கார்டர் பிடித்துக்கொள்ளும். காருக்குள், படிக்கட்டில், ஹோட்டல் அறை மூலையில் என்று கேமரா நுழைந்தது அப்படித்தான். டூர் படம் என்ற வகைக்கே இந்தத் தோள்தான் அடித்தளம்.

படத்தின் தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. லண்டன் சவாய் ஹோட்டலுக்குப் பின்னாலிருக்கும் சந்தில் நின்றுகொண்டு டிலன் வார்த்தை எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போடுவார். ஓரத்தில் தாடியோடு நிற்பவர் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க். ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. டிலன் டைப்ரைட்டரில் தட்டிக்கொண்டிருக்க, அதே அறையில் பாடகி ஜோன் பயஸ் பாடிக்கொண்டிருப்பார். அமெரிக்காவில் டிலனைத் தன் மேடைக்கு அழைத்து ஊருக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். இந்த டூரில் டிலன் அவரை ஒருமுறைகூட மேடைக்குக் கூப்பிடவில்லை. படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. கொஞ்ச நேரத்தில் அவர் படத்திலிருந்தே காணாமல் போய்விடுவார். ஆவணப்படத்தில் சொல்லாமல் விடுவதற்கு எவ்வளவு கனம் உண்டு என்று எனக்குக் காட்டியது இந்த இடம்.

இன்னொரு காட்சி: கிராஸ்மனும் டிட்டோ பர்ன்ஸ் என்ற ஏஜென்ட்டும் டெலிபோனில் பி.பி.சி.யையும் கிரனாடா தொலைக்காட்சியையும் மோதவிட்டு டிலனின் ரேட்டை ஏற்றுவார்கள். நம்மூர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அது இங்கே போனில் நடக்கிறது. கூப்பிட்டவரே மேனேஜர் என்பதால் மேனேஜரின் அறையும் திறந்திருந்தது. அதில் அவர் அழகாகத் தெரிந்தாரா என்பது வேறு விஷயம்.

இதற்கு நேர் எதிர், 'மிஸ்டேக்கன் ஃபார் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' (2013). 'தி நேஷனல்' என்ற அமெரிக்க பேண்டில் ஐந்து பேர். அதில் நான்கு பேர் இரண்டு ஜோடி அண்ணன் தம்பிகள். பாடகர் மேட் பெர்னிங்கர் மட்டும் தனி. அவர் தன் தம்பி டாமை டூரில் எடுபிடி வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறார். டாம் வேலையை ஒழுங்காகச் செய்யாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறான், குடிக்கிறான், கடைசியில் வேலை போகிறது. அப்புறம் அண்ணன் வீட்டிலேயே தங்கி, கையிலிருக்கும் காட்சிகளை என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறான். அந்த முழியே படமாகிவிட்டது. பேண்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவன், பேர் வாங்கிய அண்ணனுக்குத் தம்பியாக இருப்பதைப் பற்றித் தெரிந்துகொண்டு போவான். இந்த வகைப் படங்களில் அதிகம் சிரித்தது இதற்குத்தான்.

படி 5: ரசிகர்களின் முகத்தைப் பாருங்கள்

'அயர்ன் மெய்டன்: ஃப்ளைட் 666' (2009), அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் மெட்டல் பேண்டின் முழு ஒத்துழைப்போடு எடுத்த படம். எனவே வீட்டுச் சண்டை எதுவும் வெளியே வராது. அதைத் தெரிந்துகொண்டே பார்க்க வேண்டும். ஆனால் வேறொரு வகையில் இது களஞ்சியம். 2008இல் ஒரு போயிங் 757 விமானத்தின் பின்பகுதி இருக்கைகளை எடுத்துவிட்டுச் சாமான் ஏற்றும் இடமாக மாற்றினார்கள். பேண்ட், பணியாட்கள், 12 டன் கருவிகள் எல்லாம் ஒரே விமானத்தில். ஓட்டுபவர் யார் என்றால் பாடகர் புரூஸ் டிக்கின்சன். உண்மையிலேயே உரிமம் பெற்ற விமானி. பகலில் விமானம் ஓட்டி இறக்கிவிட்டு மேடைக்குப் போய் இரண்டு மணி நேரம் ஓடியாடிப் பாடுகிற மனிதரை வேறு எங்கே பார்ப்பது?

45 நாள், 23 கச்சேரி. முதல் கச்சேரி நம் நாட்டில்தான்: 2008 பிப்ரவரி 1, மும்பை. அதற்கு முந்தைய வருடம் பெங்களூரு பேலஸ் மைதானத்தில் இவர்கள் வாசித்ததுதான் இந்தியாவில் முதல் முறை. நம் பக்கத்து மெட்டல் ரசிகர்களுக்கு அந்த இரண்டு தேதியும் மனப்பாடம். படத்தில் மும்பைக் கூட்டம் வரும்போது முன்வரிசை முகங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தெரிந்த முகம் கிடைத்தாலும் கிடைக்கும்.

இயக்குநர்களில் ஒருவரான சாம் டன் மானுடவியல் படித்தவர். அது நன்றாகத் தெரிகிறது. கேமரா அடிக்கடி மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்க்கிறது. கொலம்பியாவில் டிக்கெட் வைத்திருப்பவர்களே நாள்கணக்கில் வாசலில் கூடாரம் போட்டுக் கிடக்கிறார்கள். கச்சேரி முடிந்தபின் ஒருவர் நிற்கிறார். ட்ரம்மர் கூட்டத்தில் எறிந்த குச்சி அவர் கையில். அவர் கத்தவில்லை, குதிக்கவில்லை. குச்சியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அப்படியே நிற்கிறார். கேமராவும் அவரை விட்டு நகராமல் நிற்கிறது. ரசிகர்களுக்கு இந்தப் படங்கள் ஏன் பிடிக்கின்றன என்று யாராவது கேட்டால் நான் விளக்கமெல்லாம் சொல்வதில்லை, இந்த இடத்தை ஓட்டிக் காட்டுவேன். அவருடைய காத்திருப்பை யாரோ பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதே படத்தில் ட்ரம்மர் நிக்கோ மெக்பிரெய்னுக்குக் கால்ஃப் ஆடப் போன இடத்தில் மணிக்கட்டில் பந்து படுகிறது. ட்ரம்மருக்கு மணிக்கட்டு போனால் டூரே போச்சு. அந்தச் சின்னப் பதற்றத்தில் எத்தனை பேர் முகம் மாறுகிறது என்று பாருங்கள்.

படி 6: 'கிம்மி ஷெல்டர்' படத்துக்குத் தனியாக ஓர் இரவு ஒதுக்குங்கள்

இதை ரயிலில் கைபேசியில் பார்த்து வீணாக்கியவன் நான். பிறகு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் படம் என்னவென்றே தெரிந்தது.

ஆல்பர்ட், டேவிட் மேஸ்லெஸ் சகோதரர்களும் ஷார்லட் ஸ்வெரினும் சேர்ந்து இயக்கிய படம், 1970. ரோலிங் ஸ்டோன்ஸின் 1969 அமெரிக்க டூர். டூர் முடிவில் கலிஃபோர்னியாவில் ஓர் இலவசக் கச்சேரி என்று முடிவாகிறது. குறித்திருந்த இடம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போக, ஆல்டமான்ட் என்ற கார்ப் பந்தயத் திடலுக்கு மாற்றுகிறார்கள். டிசம்பர் 6. சுமார் 3 லட்சம் பேர். இங்கே ஒரு சின்ன விவரத்தைக் கவனியுங்கள்: மேடையின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். பழைய இடத்தில் மேடை மேட்டின் மேல் அமைய வேண்டியது, எனவே அந்த உயரம் போதும். புதிய இடத்தில் அது சரிவின் அடியில் வந்துவிட்டது. பின்னாலிருந்து தள்ளும் கூட்டம் முழுவதும் முன்னால் இருப்பவர்களை மேடைமீது கொண்டுவந்து போடும். மேடையைச் சுற்றிக் காவலுக்கு நின்றவர்கள் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பல்.

ஸ்டோன்ஸ் மேடைக்கு வர இருட்டிவிட்டது. அதுவரை கூட்டம் காத்திருந்தது. மெரிடித் ஹன்டர் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் மேடைக்கு அருகில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவர் கையில் துப்பாக்கி இருந்தது. குத்தியவர்மீது வழக்கு நடந்து, தற்காப்பு என்று விடுதலையானார்.

படத்தை மறக்க முடியாததாக்குவது இந்தச் சம்பவம் மட்டுமல்ல, அதை வைத்திருக்கும் விதம். தொடக்கத்திலேயே நடந்தது என்ன என்று வானொலி வழியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகரும் ட்ரம்மர் சார்லி வாட்ஸும் எடிட்டிங் மேஜை முன்னால் உட்கார்ந்து, எடுத்த காட்சிகளைப் பார்க்கிறார்கள். நாம் அவர்கள் பார்ப்பதைப் பார்க்கிறோம். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஜாகர் சிவப்புத் துண்டைச் சுழற்றி ஆடும் உற்சாகமெல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிகிறது. கடைசியில் டேவிட் மேஸ்லெஸ் ரீலைப் பின்னால் ஓட்டி, நிறுத்தி, கத்தி எங்கே தெரிகிறது என்று காட்டுகிறார். ஜாகர் எழுந்து போகிறார். அவர் முகம் அந்த நொடியில் உறைந்து நிற்கும். அதில் என்ன இருக்கிறது என்று ஐம்பது வருடமாக ஆட்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நான் மூன்று முறை பார்த்து மூன்று விதமாக முடிவு செய்தேன்.

பார்த்த கையோடு வேறு படம் போடாதீர்கள்.

படி 7: ஒட்டுப்போட்ட இடங்களைத் தேடுங்கள்

இதில் கொஞ்சம் விளையாட்டு இருக்கிறது. ஆவணப்படம் என்றாலும் பலது பின்னால் சேர்த்தது.

லெட் செப்லின் பேண்டின் 'தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்' (1976) படத்துக்கு 1973இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மூன்று இரவு படம்பிடித்தார்கள். போட்டுப் பார்த்தால் பல இடங்களில் காட்சியே இல்லை. அடுத்த வருடம் லண்டன் அருகே ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் மேடையைத் திரும்பக் கட்டி, இவர்களை நிறுத்தி வாசிக்க வைத்து மீண்டும் எடுத்தார்கள். இடையில் பேஸ் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸ் முடியை வெட்டிவிட்டார். ஆகவே விக். எந்த ஷாட்டில் விக் என்று கண்டுபிடிப்பது செப்லின் ரசிகர்களின் பழைய பொழுதுபோக்கு. 1965இல் பீட்டில்ஸ் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55 ஆயிரம் பேர் முன்னால் வாசித்த படத்துக்கும் பின்னால் லண்டன் ஸ்டுடியோவில் பாட்டுகளைத் திருத்தி ஒட்டினார்கள். கூட்டத்தின் அலறலில் வேறென்ன செய்ய முடியும்?

மார்ட்டின் ஸ்கார்சேசியின் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' (1978) இந்தப் படிக்கு மிகப் பொருத்தம். 'தி பேண்ட்' என்ற குழு பதினாறு வருட டூர் வாழ்க்கைக்கு முற்றுப்புள்ளி வைத்த கச்சேரி, 1976 நவம்பர் 25, சான் பிரான்சிஸ்கோ விண்டர்லேண்ட். எந்த வரிக்கு எந்த கேமரா என்று ஸ்கார்சேசி முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அப்படியும் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாட வந்தபோது மற்ற கேமராக்கள் எல்லாம் ஃபிலிம் மாற்றப் போயிருந்தன. ஒரே ஒரு கேமராக்காரர், லாஸ்லோ கோவாக்ஸ், காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டதால் நிறுத்தச் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அதனால்தான் அந்தப் பாட்டு இன்றைக்கு நம்மிடம் இருக்கிறது, ஏறக்குறைய முழுவதும் ஒரே கோணத்தில். படத்தில் மிகச் சிறந்த பகுதியும் அதுதான் என்பேன். ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற பாடகர் குழுவோடு பாடும் காட்சி கச்சேரியில் நடந்ததே இல்லை. பின்னால் ஸ்டுடியோவில் எடுத்துச் சேர்த்தது.

படம் முடிந்ததும் ஒரு கணக்குப் போடுங்கள்: யாருக்கு அதிக குளோசப்? கிட்டாரிஸ்ட் ராபி ராபர்ட்சன் திரை முழுக்க இருப்பார். ஸ்கார்சேசியின் நண்பர், படத்தின் தயாரிப்பாளரும்கூட. ட்ரம்மர் லெவன் ஹெல்முக்கு இதில் தீராத மனக்குறை. தன் சுயசரிதையில் படத்தைப் பிளந்து கட்டியிருக்கிறார். இரண்டு பேரும் இன்று இல்லை, ரசிகர்கள் இன்னும் இரண்டு கட்சி. நான் ஹெல்ம் கட்சி, ஆனாலும் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

படி 8: ஒரு களைப்புப் படம்

ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் பேண்டின் 1997-98 டூரைப் பற்றி கிராண்ட் கீ எடுத்த 'மீட்டிங் பீப்பிள் இஸ் ஈஸி' (1998) எல்லோருக்கும் ஒத்துவராது. விமான நிலையம், பேட்டி, அதே கேள்வி, வானொலி நிலையத்துக்காக அதே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, மறுபடி பேட்டி. வெற்றி பெற்ற பேண்ட் இப்படித்தான் காத்திருக்கிறது. அன்வில்லுக்கு அடுத்த வாரம் இதைப் பார்த்தால், யாருக்குப் பரிதாபப்படுவது என்று குழம்பிவிடும். அரை மணி நேரத்தில் சலித்தால் நிறுத்திவிடுங்கள், ஒன்றும் குற்றமில்லை.

படி 9: கடைசியில் ஸ்பைனல் டேப்

பலர் இதை முதலில் பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம். 'திஸ் இஸ் ஸ்பைனல் டேப்' (1984) ஆவணப்படம் மாதிரி எடுத்த கிண்டல் படம், இல்லாத பேண்டைப் பற்றியது. நிஜப் படங்கள் நான்கைந்து உள்ளே போனபின் பார்த்தால்தான் ஒவ்வொரு குத்தும் எங்கே விழுகிறது என்று தெரியும். மேடைக்கு வழி தெரியாமல் பேண்ட் அரங்கின் அடித்தளத்தில் சுற்றிச் சுற்றி வரும். அளவில் அடி எது, அங்குலம் எது என்று குழப்பமாகி, இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் பிரம்மாண்டமான கற்களுக்குப் பதில் 18 அங்குலப் பொம்மை மேடையில் இறங்கும். மற்றவர்களின் ஆம்ப்ளிஃபயரில் 10 வரைதான் எண், எங்களுடையதில் 11 என்று கிட்டாரிஸ்ட் பெருமைப்படுவார். இயக்குநர் பெயர் ராப் ரெய்னர்.

இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அன்வில்லின் ட்ரம்மர் பெயரும் அதுதான், நிஜமாகவே. ஆங்கில எழுத்தில் ஒன்று மட்டும் கூட. சரி, இப்போது அன்வில் படத்தை மறுபடி போடுங்கள். முதல் தடவை கண்ணில் படாமல் போன ஒரு ஷாட்டில், ஒரு குமிழ் 11 வரை திரும்புகிறது. அப்புறம் இங்கிலாந்தில் ஓய்வாக இருக்கும் நேரத்தில் இரண்டு பேரும் ஓர் இடத்தைப் பார்க்கப் போகிறார்கள். பின்னால் நிற்பவை 18 அங்குலப் பொம்மைகள் அல்ல, நிஜக் கற்கள்.